சூரியத் தகடு முதல் பழைய சமையல் எண்ணெய் வரை: பசுமை எரிசக்தியில் நமக்கான தொழில் எங்கே?

தோட்டப்புறத்தில் வளர்ந்த மூத்தவர்களுக்கு இது மறந்திருக்காது. மாலையில் ஆலைப் பக்கம் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கினால்தான் லயத்து வீடுகளில் விளக்கு எரியும். இரவில் அதை நிறுத்திவிட்டால் மறுநாள் வரை மண்ணெண்ணெய் விளக்குதான். பல தோட்டங்களில் நிலைமை இப்படித்தான் இருந்தது. மின்சாரம் என்பது துரையின் பங்களாவில் தாராளமாகவும் தொழிலாளர் வீட்டில் அளவோடும் கிடைத்த ஒன்று.

இன்று அதே மாவட்டங்களில் மின்சாரமே ஒரு விளைபொருளாகிவிட்டது. சிலாங்கூர் கோலலங்காட் மாவட்டத்தில் தெனாகா நேஷனல் அமைத்த 50 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2018-ஆம் ஆண்டு முதல் இயங்குகிறது. கெடா புக்கிட் செலம்பாவில் 30 மெகாவாட் நிலையம் ஒன்று உள்ளது. செம்பனை ஆலைகளின் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுத்து மின்சாரம் செய்கிறார்கள். பெரிய தோட்ட நிறுவனங்களும் தங்கள் நிலத்தில் சூரிய மின்சாரம் விளைவிப்பதைத் தனித் தொழிலாகவே அறிவித்துள்ளன.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோதும், பிராங் பெசார் தோட்டம் புத்ராஜெயாவாக மாறியபோதும் மாற்றத்தின் பலன் பெரும்பாலும் மற்றவர்களுக்கே போய்ச் சேர்ந்தது. நம்மவர்களுக்கு மிஞ்சியது இடமாற்றம். இப்போது நடக்கும் எரிசக்தி மாற்றத்திலும் அதுவே நடக்குமா? இந்தத் துறையில் பணம் எந்த வழியாக வருகிறது, சிறு முதலீட்டாளரும் கைத்தொழில் தெரிந்த இளைஞரும் எங்கே நுழையலாம், எங்கே கையைச் சுட்டுக்கொள்வார்கள் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் இம்முறை நிலைமை வேறாக இருக்க வாய்ப்புண்டு.

பசுமை எரிசக்தி என்றால் என்ன?

நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் கிடைக்கிறது. நிலக்கரியை இந்தோனேசியா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து வாங்குகிறோம். உலகச் சந்தையில் அதன் விலை ஏறினால் இங்கே மின்கட்டணமோ அரசாங்கத்தின் உதவித்தொகைச் செலவோ ஏறும்.

வெயில், ஓடும் நீர், தாவரக் கழிவு, கழிவுநீரில் உண்டாகும் வாயு ஆகியவை தீர்ந்துபோவதில்லை. அவற்றிலிருந்து பெறும் மின்சாரமே புதுப்பிக்கத்தக்க எரிசக்தி. அதோடு, இருக்கும் மின்சாரத்தை வீணாக்காமல் பயன்படுத்தும் முறைகள், கழிவை மறுபடி மூலப்பொருளாக்கும் முறைகள் எல்லாம் சேர்ந்தவை தூய தொழில்நுட்பம் எனப்படுகின்றன. ஒரு குளிரூட்டியைச் சரியாகச் சுத்தம் செய்து மின்செலவைக் குறைத்துத் தருவதும் இந்தத் துறையில் அடங்கும்.

2023-இல் அரசாங்கம் வெளியிட்ட தேசிய எரிசக்தி மாற்றுப் பெருந்திட்டத்தின்படி, 2050-க்குள் நாட்டின் மின்உற்பத்தித் திறனில் 70 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க எரிசக்தியாக இருக்க வேண்டும். இலக்கு அப்படியே எட்டப்படுமா என்பது ஒருபுறம் இருக்கட்டும். அடுத்த 25 ஆண்டுகளுக்கு இத்துறையில் வேலை இருக்கும் என்பது மட்டும் உறுதி.

2011 கற்றுத்தந்த பாடம்

2011-இல் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டம் வந்தது. அதே ஆண்டு செடா எனப்படும் நீடித்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையம் உருவானது. டிசம்பரில், வீட்டுக் கூரையில் உற்பத்தியாகும் சூரிய மின்சாரத்தை 21 ஆண்டுகளுக்கு நிலையான விலையில் வாங்கும் திட்டம் தொடங்கியது. 4 கிலோவாட் வரையிலான சிறு அமைப்புக்குத் தொடக்கத்தில் கிடைத்த அடிப்படை விலை யூனிட்டுக்கு 1 வெள்ளி 23 சென். அப்போது வீட்டு மின்கட்டணம் அதில் பாதிக்கும் கீழே இருந்தது.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? மாதம் 300 யூனிட்டுக்கு மேல் பயன்படுத்தியவர்களின் மின்கட்டண ரசீதில் 1 விழுக்காடு கூடுதலாகச் சேர்க்கப்பட்டது. 2014 முதல் அது 1.6 விழுக்காடானது. நகரத்தில் வாழும் நம் குடும்பங்கள் பலவும் அந்தத் தொகையைக் கட்டின. ஆனால் அதன் பலனைப் பெற்றவர்கள், குறிப்பிட்ட அளவே இருந்த ஒதுக்கீட்டைத் தக்க நேரத்தில் கேட்டு வாங்கியவர்கள். கையில் முதல் இருந்ததோடு, செய்தியும் அவர்களுக்கு முன்கூட்டியே எட்டியிருந்தது.

அதற்குப் பிறகு விதிகள் பலமுறை மாறின. 2016-இல் நெம் எனப்படும் நிகர மின் அளவீட்டுத் திட்டம் அறிமுகமானது. 2019 முதல், மின்கம்பிக்கு அனுப்பும் ஒரு யூனிட்டுக்கு வாங்கும் ஒரு யூனிட் சரி என்று கழிக்கப்பட்டது. நெம் திட்டத்தின் மூன்றாம் கட்டம் 2025 ஜூன் 30-ஆம் தேதியோடு முடிவுற்றது. 2026 ஜனவரி 1 முதல் சோலார் அதாப் என்ற புதிய திட்டம் நடப்பில் உள்ளது.

இந்தத் துறையில் விதியும் விலையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறும் என்பதை இந்த வரலாறு காட்டுகிறது. பழைய விதியை வைத்துக் கணக்குப் போட்டவர் ஏமாறுவார். மூன்று ஆண்டுகளுக்கு முன் தகடு பொருத்திய பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் லாபம் இன்று பொருத்துகிறவருக்குக் கிடைக்காது.

கூரைக் கணக்கு

நெம் திட்டத்தில், பகலில் வீட்டில் ஆளில்லாமல் மின்கம்பிக்குப் போன மின்சாரத்துக்கும் முழு மதிப்பு கிடைத்தது. புதிய திட்டத்தில் வீட்டுக்காரர்கள் வெளியே அனுப்பும் மின்சாரத்துக்கு, மின்கட்டணத்தில் உள்ள எரிசக்திக் கட்டணம் என்ற பகுதி மட்டுமே கழிக்கப்படுகிறது. மிஞ்சும் தொகையை அடுத்த மாதத்துக்குக் கொண்டுசெல்லவும் முடியாது.

2025 ஜூலை முதல் தீபகற்பத்தில் நடப்பிலுள்ள கட்டண முறையில், மாதம் 1,500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு எரிசக்திக் கட்டணம் யூனிட்டுக்கு 27.03 சென், திறன் கட்டணம் 4.55 சென், மின்கம்பிக் கட்டணம் 12.85 சென் என நிர்ணயிக்கப்பட்டது. மூன்றும் சேர்ந்தால் 44.43 சென். சூரிய மின்சாரத்தை வீட்டிலேயே பயன்படுத்தினால் யூனிட்டுக்கு 44 சென்னுக்கு மேல் மிச்சம். வெளியே அனுப்பினால் 27 சென் மட்டுமே.

ஓர் எடுத்துக்காட்டு. 5 கிலோவாட் அமைப்பு நம் நாட்டு வெயிலில் மாதம் சுமார் 500 யூனிட் தரும். செலவு 20,000 வெள்ளி என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். இரண்டு வீடுகளும் மாதம் 600 யூனிட் பயன்படுத்துகின்றன.

முதல் வீட்டில் கணவன் மனைவி இருவரும் காலையில் வேலைக்குப் போய்விடுகிறார்கள். பகலில் 150 யூனிட் மட்டுமே வீட்டில் செலவாகிறது, 350 யூனிட் வெளியே போகிறது. மாத மிச்சம் சுமார் 161 வெள்ளி. போட்ட முதல் திரும்ப 10 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

இரண்டாவது வீட்டில் பகல் முழுவதும் தையல் வேலையோ, பலகாரத் தயாரிப்போ, பிள்ளை பராமரிப்போ நடக்கிறது. 400 யூனிட் வீட்டிலேயே செலவாகிறது, 100 யூனிட் வெளியே போகிறது. மாத மிச்சம் சுமார் 205 வெள்ளி. முதல் திரும்ப ஏறத்தாழ 8 ஆண்டுகள்.

கட்டணச் சலுகைகளும் எரிபொருள் விலைக்கேற்ப மாறும் தொகையும் இந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. தகடு 25 ஆண்டுகள் உழைக்கலாம். ஆனால் மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டரை வழக்கமாகப் பத்து, பன்னிரண்டு ஆண்டுகளில் மாற்ற வேண்டிவரும், அந்தச் செலவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாதம் 200, 300 யூனிட் மட்டுமே பயன்படுத்தும் குடும்பத்துக்கு ஏற்கெனவே கட்டணச் சலுகை உண்டு என்பதால், தகடு பொருத்துவதில் பெரிய பலன் இருக்காது.

அப்படியானால் யாருக்கு லாபம்? பகலில் திறந்திருக்கும் கடைக்காரருக்கு. மளிகைக் கடை, உணவகம், சலவை நிலையம், முடிதிருத்தகம், அச்சகம், குளிர்பதனப் பெட்டி ஓடும் மீன் இறைச்சிக் கடை போன்றவை வெயில் இருக்கும் நேரத்தில்தான் மின்சாரத்தை அதிகம் செலவிடுகின்றன. கடைக்கூரை சொந்தமாக இருந்தால், அல்லது உரிமையாளர் நீண்ட காலத்துக்கு எழுத்து மூலம் அனுமதி தந்தால், கணக்கு கூடிவரும். வணிக இடங்களுக்கு வெளியே அனுப்பும் மின்சாரத்தின் விலை வீட்டுக் கணக்கிலிருந்து வேறுபட்டது என்பதால், உள்ளேயே பயன்படுத்தும் அளவுக்கு மட்டும் அமைப்பைப் பொருத்துவது நல்லது.

கூரை இல்லாதவர்கள்

நம் சமுதாயத்தில் பி40 தரப்பினர் பலர் மலிவு விலை அடுக்குமாடிகளில் குடியிருக்கிறார்கள். அங்கே கூரை பொதுச்சொத்து, நிர்வாக மன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் யாரும் அதில் கை வைக்க முடியாது. தோட்டத்தில் குடியிருப்பவருக்கு வீடே நிறுவனத்துடையது. வாடகை வீட்டில் இருப்பவர் நிலைமையும் அதுதான். இவர்களிடம் போய்த் தகடு பொருத்துங்கள் என்று சொல்வதில் அர்த்தமில்லை.

சொந்தக் கூரை இல்லாதவர் அடுத்தவர் கூரையில் சம்பாதிக்கலாம். இந்தத் துறையில் தகட்டைச் செய்பவர்கள் பெரும்பாலும் சீன நாட்டுப் பெருநிறுவனங்கள். பெரிய மின்நிலையங்களுக்குக் கோடிக்கணக்கில் முதல் வேண்டும், ஏலத்தில் ஒதுக்கீடும் கிடைக்க வேண்டும். நடுவில் உள்ள பொருத்துதல், சோதித்தல், பராமரித்தல், சேகரித்தல் ஆகியவற்றை மட்டும் இறக்குமதி செய்ய முடியாது. அவற்றை உள்ளூர்க்காரர்தான் செய்தாக வேண்டும்.

மின்கம்பியாளருக்குக் காத்திருக்கும் வேலை

மின்சார வேலை நம் இளைஞர்களுக்குப் புதிதல்ல. கியாட்மாரா, தொழிற்பயிற்சிக் கழகங்கள் போன்ற திவெட் கல்விக்கூடங்களில் மின்துறைப் பயிற்சி முடித்தவர்கள் பலர் உள்ளனர். ஆனால் எரிசக்தி ஆணையத்தின் மின்கம்பியாளர் தகுதிச் சான்றிதழ் எடுக்காமல், ஆண்டுக்கணக்கில் யாரோ ஒருவரின் கீழ் உதவியாளராகவே காலம் தள்ளுகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த ஒரு தாள் இல்லாததால் வேலையைத் தன் பொறுப்பில் எடுக்க முடியாது.

படிகள் தெளிவானவை. முதலில் மின்கம்பியாளர் சான்றிதழ். ஒற்றை முனை மின்சாரத்தோடு நின்றுவிடாமல் மும்முனைக்கும் தகுதி பெற்றால் கடை, பட்டறை வேலைகளும் கிடைக்கும். அடுத்து, மின்கம்பியாளர்களுக்காகவே செடா நடத்தும் சூரிய மின் அமைப்புப் பொருத்தல், பராமரிப்புப் பயிற்சி. வடிவமைப்பில் ஆர்வமுள்ள பட்டதாரிகளுக்கும் டிப்ளோமா பெற்றவர்களுக்கும் தனிப் பயிற்சி உண்டு. கட்டுமானத் தளத்தில் கால் வைக்கக் கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தின் பச்சை அட்டையும் வேண்டும்.

சான்றிதழ் பெற்ற உடனே சொந்த நிறுவனம் தொடங்க வேண்டியதில்லை. செடாவில் பதிவு பெற்ற நிறுவனங்கள் கூரை வேலையைச் சிறு குழுக்களிடம் துணைக் குத்தகைக்கு விடுவதுண்டு. மூன்று நான்கு பேர் கொண்ட ஒரு குழு, முறையான கருவிகள், ஒரு வேன் ஆகியவற்றோடு தொடங்கலாம். சில ஆண்டுகள் அனுபவமும் பணப்புழக்கமும் சேர்ந்த பிறகு எரிசக்தி ஆணையத்தில் மின் குத்தகையாளராகப் பதிவு செய்வது அடுத்த கட்டம்.

இந்த வேலையில் ஆபத்து உண்டு. வெயில் படும்வரை தகடுகள் மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். பல தகடுகளைத் தொடராக இணைக்கும்போது நூற்றுக்கணக்கான வோல்ட் நேர்மின்சாரம் ஓடும், வீட்டு முதன்மை விசையை அணைத்தாலும் கூரையில் அது நிற்காது. கூடவே உயரத்திலிருந்து விழும் ஆபத்தும் இருக்கிறது. பாதுகாப்புக் கயிறு கட்டாமல் ஏறச் சொல்லும் முதலாளியிடம் வேலை செய்யக் கூடாது. சொந்தமாகத் தொழில் செய்பவர்கள் பெர்கேசோவின் சுயதொழில் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்துகொள்வது குடும்பத்துக்குச் செய்யும் கடமை.

பராமரிப்பைப் பொறுத்தவரை, தகட்டைக் கழுவுவதை மட்டும் நம்பித் தொழில் தொடங்குவது சரிவராது. சாய்வான கூரையில் நம் நாட்டு மழையே பெரும்பாலான தூசியைக் கழுவிவிடும். இணைப்புகளைச் சோதிப்பது, உற்பத்தி குறைந்தால் காரணம் கண்டுபிடிப்பது, கூரை ஒழுக்கைச் சரிசெய்வது, குளிரூட்டிச் சேவை ஆகியவற்றோடு சேர்த்துச் செய்தால்தான் ஆண்டு முழுவதும் வருமானம் இருக்கும்.

பெரிய சூரிய மின்நிலையங்களில் கட்டுமானம் முடிந்த பிறகு நிரந்தர வேலையாட்கள் குறைவு. ஆனால் ஒரு மெகாவாட்டுக்குச் சுமார் 4 முதல் 5 ஏக்கர் நிலம் வேண்டியிருப்பதால், 50 மெகாவாட் நிலையம் 200 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும். புல் உயர்ந்து தகட்டில் நிழல் விழுந்தால் உற்பத்தி குறையும். வடிகால் அடைத்தால் மண் அரிக்கும். புல் வெட்டுவதும் வடிகால் பார்ப்பதும் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குக் கைவந்த கலை. அதைக் கூலியாகச் செய்யாமல், சிறு நிறுவனமாகப் பதிவு செய்து ஆண்டுக் குத்தகையாக எடுக்க முடியுமா என்பதே யோசிக்க வேண்டியது.

செம்பனை ஆலையில் மறைந்திருக்கும் மின்சாரம்

தோட்டத்து வாசகர்களுக்கு ஆலையின் வாசனை நன்றாகத் தெரியும். அந்தக் கழிவுநீர்க் குட்டைகளில் கொப்பளித்து வெளியேறும் வாயுவில் 60 விழுக்காட்டுக்கு மேல் மீத்தேன். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் வாயு, கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு அதிகமாகப் பூமியைச் சூடாக்கும். அதைப் பிடித்து எரித்தால் மின்சாரம்.

ஒரு டன் செம்பனைக் குலையை ஆலையில் போட்டால் சுமார் 0.65 கனமீட்டர் கழிவுநீர் வரும். ஒரு கனமீட்டர் கழிவுநீர் ஏறத்தாழ 28 கனமீட்டர் எரிவாயு தரும். மணிக்கு 60 டன் அரைக்கும் ஆலை நாளொன்றுக்கு 16 மணி நேரம் ஓடினால் 17,000 கனமீட்டருக்கு மேல் வாயு கிடைக்கும். அதை மின்சாரமாக்கினால் சுமார் 40,000 யூனிட். மாதம் 400 யூனிட் பயன்படுத்தும் 3,000 வீடுகளுக்கு அது போதும்.

2014 முதல் புதிதாகத் தொடங்கும் ஆலைகளும் உற்பத்தியை விரிவாக்கும் ஆலைகளும் இந்த வாயுவைப் பிடிக்கும் வசதியை அமைக்க வேண்டும் என்று மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் நிபந்தனை விதித்தது. எரிவாயு மின்சாரத்தை 16 ஆண்டுகளுக்கு நிலையான விலையில் விற்கும் வாய்ப்பும் ஒதுக்கீட்டின் அடிப்படையில் தரப்பட்டது. நாடு முழுவதும் சுமார் 450 ஆலைகள் உள்ளன.

இப்படியோர் ஆலையை நம்மில் ஒருவர் கட்டப் போவதில்லை. ஆனால் அதை ஓட்டத் தகுதிபெற்ற ஆள் வேண்டும். கொதிகலனை இயக்க, தொழில்சார் பாதுகாப்பு சுகாதாரத் துறையின் கொதிகலன் இயக்குநர் சான்றிதழ் தேவை. அதற்கு மேற்படி நீராவிப் பொறியாளர். ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பொறுப்பாளருக்கென்று சுற்றுச்சூழல் துறையின் பயிற்சிக் கழகம் தனித் தகுதிச் சான்றிதழ் வழங்குகிறது. ஆலையில் பத்து, பதினைந்து ஆண்டு அனுபவம் உள்ள நம்மவர்கள் பலர் தேர்வு எழுதத் தயங்கி அதே சம்பளத்தில் நின்றுவிடுகிறார்கள். கையில் இருக்கும் அனுபவத்தைத் தாளாக மாற்றுவதே இங்கே முதலீடு.

வாணலியில் மிஞ்சும் எண்ணெய்

வாழையிலை உணவகம், முறுக்குத் தயாரிப்பு, வடை வியாபாரம், திருமண விருந்துச் சமையல் ஆகியவற்றில் நம்மவர்கள் ஏராளம். பொரித்து முடித்த எண்ணெயைக் கால்வாயில் ஊற்றினால் அது உறைந்து அடைத்துக்கொள்ளும். திரும்பத் திரும்பச் சூடாக்கிச் சமைத்தால் உடம்புக்குக் கேடு. ஆனால் உயிரி டீசலும் விமான எரிபொருளும் செய்யும் ஆலைகளுக்கு அதுவே விலைமதிப்புள்ள மூலப்பொருள். சிங்கப்பூரில் நெஸ்தே நிறுவனத்தின் ஆலை ஏற்கெனவே இயங்குகிறது. ஜொகூர் பெங்கேராங்கில் பெட்ரோனாஸ் பங்காளிகளோடு சேர்ந்து கட்டும் ஆலை 2028-இல் செயல்படத் திட்டமிடப்பட்டுள்ளது. பழைய எண்ணெய்க்குத் தேவை கூடத்தான் செய்யும்.

இதில் நுழையப் பெரிய முதல் வேண்டாம். ஒரு சிறு லாரி, மூடியுள்ள கொள்கலன்கள், தராசு, வடிகட்டி, ஒரு சேமிப்பிடம் போதும். ஐம்பது உணவகங்களோடு வாரந்தோறும் எடுக்கும் ஏற்பாடு செய்துகொண்டால் நிலையான வரவு உண்டு. உணவகங்களோடு நமக்கு ஏற்கெனவே உள்ள பழக்கமே இதில் பெரிய சொத்து.

எச்சரிக்கையும் உண்டு. உதவித்தொகை தரப்படும் ஒரு கிலோ சமையல் எண்ணெய்ப் பொட்டலத்தின் விலை 2 வெள்ளி 50 சென். பழைய எண்ணெயின் விலை சில காலங்களில் அதைவிடக் கூடுதலாக இருந்ததால், புதிய எண்ணெயையே பழையது என்று விற்கும் மோசடி நடந்தது. அது விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ்க் குற்றம். அதனால் யாரிடம், எந்தத் தேதியில், எவ்வளவு எடுத்தோம் என்ற பதிவேடு இல்லாமல் இந்தத் தொழிலைச் செய்யக் கூடாது. உரிம நிபந்தனைகளைச் செம்பனை எண்ணெய் வாரியத்திடமும் ஊராட்சி மன்றத்திடமும் கேட்டறிந்த பிறகே வண்டி வாங்க வேண்டும். விலை உலகச் சந்தையோடு ஏறி இறங்கும் என்பதால், உச்ச விலையை நம்பிக் கடன் எடுப்பதும் ஆபத்து.

மிச்சப்படுத்தித் தருவதும் தொழில்தான்

2025 ஜனவரி 1 முதல் எரிசக்தித் திறன் மற்றும் சேமிப்புச் சட்டம் நடப்பில் உள்ளது. ஆண்டுக்கு 21,600 கிகாஜூல், அதாவது மின்சாரமாகக் கணக்கிட்டால் 60 லட்சம் யூனிட், அல்லது அதற்கு மேல் எரிசக்தி பயன்படுத்தும் நிறுவனங்கள் பதிவு பெற்ற எரிசக்தி மேலாளரை நியமிக்க வேண்டும், எரிசக்தித் தணிக்கையும் செய்ய வேண்டும். தொழிற்சாலை, பேரங்காடி, மருத்துவமனை எனப் பலவும் இதில் அடங்கும். பொறியியல் படித்து வேலை தேடும் பிள்ளைகள் இந்தப் பதவியின் தகுதிகளை எரிசக்தி ஆணையத்தில் விசாரிக்கலாம்.

சிறிய அளவிலும் இதே வேலை இருக்கிறது. பேட்டைக் கடைகளுக்குப் போய்ப் பழைய விளக்குகளை மாற்றுவது, குளிர்பதனப் பெட்டியின் கசியும் ரப்பரை மாற்றுவது, குளிரூட்டியைச் சுத்தம் செய்வது, மின்கட்டண ரசீதைப் படித்து எங்கே வீணாகிறது என்று காட்டுவது. தகடு பொருத்துவதற்கு முன் இவற்றைச் செய்தாலே செலவு குறையும், வேண்டிய தகட்டின் எண்ணிக்கையும் குறையும்.

முதலுக்கு எங்கே போவது?

தெக்குன் நேஷனலின் கீழ் இந்திய வணிகர்களுக்கான ஸ்புமி கடனுதவித் திட்டம் உள்ளது. இந்தியப் பெண் தொழில்முனைவோருக்கு அமானா இக்தியார் மலேசியாவின் பென் திட்டம் உள்ளது. வளர்ந்துவிட்ட நிறுவனங்களுக்கு, 2010 முதல் இருந்துவரும் பசுமைத் தொழில்நுட்ப நிதித் திட்டம், பசுமை முதலீட்டு வரிச் சலுகை ஆகியவை பற்றி மலேசியப் பசுமைத் தொழில்நுட்ப மற்றும் பருவநிலை மாற்றக் கழகத்தில் கேட்கலாம். ஒதுக்கீடும் நிபந்தனையும் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் விண்ணப்பிக்கும் முன் நேரடியாக விசாரிக்க வேண்டும்.

எந்தக் கடனுக்கும் வங்கி கேட்பவை நிறுவனப் பதிவு, ஆறு மாதமாவது ஓடிய வங்கிக் கணக்கு, வரவு செலவுப் பதிவு, தொழில் உரிமம். ரொக்கத்திலேயே வியாபாரம் செய்து, எதையும் எழுதி வைக்காத பழக்கமே நம்மவர்களின் விண்ணப்பங்களுக்குத் தடையாக இருந்துவருகிறது. இன்றே ஒரு நோட்டுப் புத்தகத்தில் கணக்கெழுதத் தொடங்குவது, நாளை கேட்கப்போகும் கடனுக்கான முதல் படி.

கையெழுத்துக்கு முன் ஐந்து கேள்விகள்

பசுமை என்ற சொல்லை வைத்துப் பணம் பறிக்கும் கூட்டமும் உண்டு. சூரிய மின்திட்டத்தில் முதலீடு செய்தால் மாதம் இவ்வளவு உறுதியான வருமானம் என்று கோயில் மண்டபத்திலோ வாட்ஸ்அப் குழுவிலோ யாராவது சொன்னால் உடனே சந்தேகப்பட வேண்டும். வெயிலையும் மின்கட்டண விதியையும் நம்பிய தொழிலில் மாதந்தோறும் ஒரே வருமானத்துக்கு யாரும் உறுதி தர முடியாது.

தகடு பொருத்த வருபவரிடமும் முதலீடு கேட்பவரிடமும் இந்த ஐந்தைக் கேளுங்கள். ஒன்று, நிறுவனம் செடாவின் பதிவுப் பட்டியலில் இருக்கிறதா? இரண்டு, காட்டும் லாபக் கணக்கு பழைய நெம் திட்டத்தின் படியா, இப்போதைய திட்டத்தின் படியா? மூன்று, தகடு, இன்வெர்ட்டர், கூரை ஒழுக்கு ஆகியவற்றுக்குத் தனித்தனியாக எத்தனை ஆண்டு உத்தரவாதம், அது எழுத்தில் இருக்கிறதா? நான்கு, முன்பணம் இல்லை என்றால் ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, வீட்டை விற்றால் அது என்னவாகும்? ஐந்து, முதலீடு என்றால், அந்தப் பெயர் பங்குச் சந்தை ஆணையத்தின் அல்லது பேங்க் நெகாராவின் எச்சரிக்கைப் பட்டியலில் இருக்கிறதா?

பதில் சொல்லத் தயங்குபவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

அடுத்த தலைமுறைக்கு

2011-இல் முந்திக்கொண்டவர்கள் நம்மைவிட அறிவாளிகள் அல்ல. செய்தி அவர்களுக்கு முன்னதாகக் கிடைத்தது, அவ்வளவுதான். இந்த முறை செய்தி எல்லாருக்கும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ, கோயில் நிர்வாகமோ, இளைஞர் மணிமன்றமோ ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை ஒதுக்கி, மின்கம்பியாளர் சான்றிதழ் எடுப்பது எப்படி என்று ஒரு விளக்கக் கூட்டம் நடத்தினால் போதும். அதில் பத்துப் பேர் தேர்வுக்குப் போனாலே அந்த ஊருக்குப் பத்துக் குடும்பங்களின் வருமானம் உயரும்.

ஜெனரேட்டர் எப்போது ஓடும் என்று காத்திருந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் இவர்கள். ஊருக்கு மின்சாரம் கொடுக்கும் வேலையைத் தங்கள் பெயரில், தங்கள் சான்றிதழோடு, தங்கள் நிறுவனத்தின் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர்கள் செய்ய முடியும். அதற்கான விண்ணப்பப் பாரம் எரிசக்தி ஆணையத்தில் கிடைக்கிறது.